தடிமன் பிடித்தால் அடுப்பில் எதை வைப்பது?

தென்மேல் பருவமழை இறங்கிவிட்டால் இலங்கை மலையகத்தின் மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்துத் தோட்ட லயங்களில் ஒரு வீட்டில் ஏறிய தடிமன், வரிசை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றாமல் போகாது. பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்தில் அதே கூத்து ஐப்பசி, கார்த்திகை மழையோடு வரும். நனைந்ததால் வந்தது என்று மழைமேல் பழி போடுவோம். உண்மையில் அது வைரஸ் நோய். தடிமனைத் தரும் வைரஸ்கள் 200க்கு மேல் உண்டு. அவற்றில் ரைனோ வைரஸ்தான் முன்னுக்கு நிற்பது. குளிருக்குக் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு எல்லோரும் அடுப்படியில் ஒடுங்கும்போது அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவுகிறது.

இந்த வைரஸ்களைக் கொல்லும் கஷாயம் எதுவும் இல்லை. அன்டிபயோட்டிக் குளிசையும் இவற்றை ஒன்றும் செய்யாது. 7 முதல் 10 நாளில் உடம்பே அவற்றைத் துரத்திவிடும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கலாம். ஆகவே இஞ்சியா, மல்லியா, பஸ்பங்குவ என்ற ஐந்து சரக்குக் கஷாயமா என்று யோசிக்கும்போது ‘எது சீக்கிரம் குணமாக்கும்’ என்று பார்த்தால் எல்லாமே தோற்றுப்போகும். இப்போது படுத்துவது தொண்டையா, மூக்கா, இராத்திரி இருமலா? குடிக்கப்போவது யார்? காய்ச்ச எவ்வளவு நேரம் இருக்கிறது? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் எதை அடுப்பில் வைப்பது என்பது தானாகத் தெரியும்.

சூடு என்பதே பாதி வைத்தியம். பிரித்தானியாவின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் தடிமனுக்கென்றே இயங்கிய ஆய்வு நிலையம் 2008இல் ஒரு சோதனை செய்தது. தடிமன் பிடித்த 30 பேருக்கு ஒரே பழரசத்தைச் சிலருக்குச் சூடாகவும் சிலருக்கு அறை வெப்பநிலையிலும் கொடுத்தார்கள். மூக்கொழுகல், தும்மல், இருமல் மூன்றும் இரண்டு தரப்பினருக்கும் தணிந்ததாகச் சொன்னார்கள். தொண்டை வலி, குளிர் நடுக்கம், அலுப்பு ஆகியவை தணிந்ததாகச் சொன்னவர்கள் சூடாகக் குடித்தவர்கள் மட்டுந்தான். இதைத் தெரிந்துகொண்டால், விலை கூடிய மூலிகைக்கு அலையாமல் கையில் இருப்பதைச் சூடாகக் குடிக்கலாம். ஆனால் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்ளக் கூடாது. 65 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் குடிக்கும் பழக்கம் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2016இல் வகைப்படுத்தியிருக்கிறது. இறக்கிய கோப்பையை ஐந்து நிமிடம் வைத்திருந்து, உதட்டில் வைத்தால் சுடாத பதத்தில் மடக்கு மடக்காகக் குடியுங்கள்.

இஞ்சி பிளேன்டீயும் மல்லித்தண்ணியும்

மலையகத்தில் தேயிலைத்தூள் இல்லாத வீடு கிடையாது. அதனால் இஞ்சி பிளேன்டீதான் முதலில் கைக்கு வருவது. ஒரு கோப்பைக்குப் பெருவிரலின் மேல் கணு அளவு இஞ்சி போதும், ஏறக்குறைய 8 முதல் 10 கிராம். தோலைச் சுரண்டி, அம்மியிலோ உரலிலோ ஒரு தட்டுத் தட்டி நசுக்குங்கள். துண்டு துண்டாக வெட்டிப் போட்டால் காரம் முழுவதும் தண்ணீரில் இறங்காது. ஒன்றரைக் கோப்பைத் தண்ணீரில் இஞ்சியைப் போட்டு, மூடி வைத்து, சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே ஒரு தேக்கரண்டி தேயிலைத்தூள். டஸ்ட் என்ற மிகப் பொடித் தூள் என்றால் இரண்டு நிமிடம், அதைவிடச் சற்றுப் பருத்த பி.ஓ.பி.எஃப். என்றால் மூன்று நாலு நிமிடம். பிறகு வடி.

பல வீடுகளில் பிழைக்கும் இடம் இதுதான்: தூளையும் இஞ்சியையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க வைப்பது. பத்து நிமிடம் கொதித்த தூள் துவர்ப்பை எல்லாம் கக்கி, நாக்கை இழுக்கிற கடும் சாயமாகிவிடும். வெறும் வயிற்றில் அதைக் குடித்தால் நெஞ்செரிவு வரும். தடிமனோடு அதுவும் ஒரு தொல்லை. தேசிக்காய் பிழிவதென்றால் குடிக்கும் சூட்டுக்கு வந்த பிறகு பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வாசமும் போகும், வைட்டமின் சி கொஞ்சமும் போகும்.

பச்சை இஞ்சி இல்லாவிட்டால் வேர்க்கொம்பு, அதாவது சுக்கு. காயும்போது இஞ்சியின் காரச்சத்து இன்னும் உறைப்பான வேறொன்றாக மாறிவிடுவதால் அளவு குறைய வேண்டும்: தட்டிய வேர்க்கொம்பு அரைத் தேக்கரண்டி ஒரு கோப்பைக்குத் தாராளம்.

பிளேன்டீக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, கஃபீன். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு இரண்டு கோப்பை குடித்தால் இராத்தூக்கம் கெடும். தடிமனுக்குத் தூக்கத்தைவிட நல்ல மருந்து இல்லை. மற்றது, தேயிலையின் துவர்ப்பு சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்ச விடாது. இரத்தசோகை உள்ள பெண்கள், இரும்புக் குளிசை எடுக்கும் கர்ப்பிணிகள், சாப்பாட்டுக்கும் குளிசைக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளித்தான் தேத்தண்ணி குடிக்க வேண்டும். தடிமன் என்று நாளுக்கு ஆறேழு கோப்பை ஏற்றும்போது இது மறந்துபோகும்.

மல்லித்தண்ணி இந்த இரண்டு குறையும் இல்லாதது. பொழுது சாய்ந்த பிறகு, சிறுபிள்ளைகளுக்கு, வயிற்றில் புண் உள்ளவர்களுக்கு மல்லியே நல்லது. கொத்தமல்லி இரண்டு மேசைக்கரண்டி, ஏறக்குறைய 10 கிராம். கல்லும் தூசியும் போகக் கழுவி, துணியில் ஒற்றி, வெறும் சட்டியில் சிறு தீயில் வாசம் எழும்வரை இரண்டு மூன்று நிமிடம் வறுங்கள். நிறம் கருத்தால் தண்ணீர் கசக்கும்; அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக வறுப்பதே மேல். வறுத்ததைக் கரகரப்பாக இடித்து, மூன்று கோப்பைத் தண்ணீரில் ஒரு சிறு துண்டு இஞ்சியோடு போட்டு, பாதியாகச் சுண்ட விடுங்கள். பெரியவர்களுக்கு இரண்டு தடவைக்கு வரும். கித்துல் கருப்பட்டி ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு குடித்தால் பிள்ளைகளும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. காலையில் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்துக்கு, முன் மல்லி வறுத்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. முதல்நாள் இரவே இஞ்சியைத் தட்டி வைத்து, காலையில் இஞ்சித் தண்ணீரை மட்டும் தூள் போடாமல் காய்ச்சிப் பிளாஸ்கில் ஊற்றிக்கொள்ளுங்கள். பத்து மணித் தேத்தண்ணி நேரம்வரை அது கெடாது. தூள் போட்ட சாயம் பிளாஸ்கில் இரண்டு மணி நேரம் கிடந்தால் குடிக்க முடியாத கசப்பாகிவிடும்.

பஸ்பங்குவவா, கரைத்துக் குடிக்கும் பக்கற்றா?

அதிகம் தடுமாறுவது இங்கேதான். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும்.

பஸ்பங்குவ ஐந்து சரக்குச் சேர்ந்தது: கொத்தமல்லி, வேர்க்கொம்பு, பற்படாகம், கண்டங்கத்திரி, வெனிவெல்கெட்ட என்கிற மரமஞ்சள். காய்ந்த வேரும் தண்டும் விதையுமாக ஒரு பொட்டலத்தில் வரும். சிங்கள ஆயுர்வேத வழக்கத்தில் இதற்கு அளவு எட்டுக்கு ஒன்று. எட்டுக் கோப்பைத் தண்ணீர் ஊற்றி ஒரு கோப்பையாகச் சுண்டும்வரை காய்ச்ச வேண்டும். சிறு தீயில் இது ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் தண்ணீர் வேகமாக ஆவியாகுமே தவிர, மரமஞ்சள் தண்டிலிருந்து சத்து இறங்கியிராது. நிறம் மஞ்சளாகத் தெரிவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மரமஞ்சளின் நிறம் முதல் ஐந்து நிமிடத்திலேயே இறங்கிவிடும்.

மேட்டுநிலத்தில் இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொள்கிறது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் 96க்குக் கிட்ட. பருப்பு அவியச் சுணங்குகிற அதே காரணத்தால் கெட்டியான வேரும் தண்டும் ஊறவும் சுணங்கும். இதற்குச் சுலபமான வழி, சரக்கை இடித்து, இரவே அளந்த தண்ணீரில் ஊறப்போடுவது. காலையில் அந்தத் தண்ணீரோடேயே அடுப்பேற்றினால் காய்ச்சும் நேரமும் விறகும் மிச்சம். மண்சட்டியோ எவர்சில்வரோ நல்லது.

விறகு மிச்சம் என்பது காசுக் கணக்கு மட்டுமில்லை. புகைபோக்கி சரியில்லாத லயத்து அடுப்படியில் ஒரு மணி நேரம் கஷாயத்துக்குக் காவல் நிற்கும் அம்மாவுக்கு, அந்தப் புகையாலேயே இருமல் கூடும். தடிமன் பிடித்த ஆளையே அடுப்படியில் உட்கார வைத்துக் காய்ச்சச் சொல்வதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. காஸ் அடுப்பு இல்லாத வீட்டில், நோயாளியே சமையற்காரியாகவும் இருந்தால், பஸ்பங்குவவை விட்டுவிடுங்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் பக்கற் கைகொடுக்கும். சமஹன் போன்றவை மூலிகைச் சாற்றைச் சீனியோடு சேர்த்துத் தூளாக்கியவை. சமஹனில் 14 மூலிகை. ஒரு பக்கற் 4 கிராம். சுடுதண்ணீரில் கொட்டிக் கலக்கினால் வேலை முடிந்தது. நோயாளி தானே போட்டுக் குடிக்கலாம், பயணத்தில் பையில் கொண்டுபோகலாம். மிளகும் திப்பிலியும் இஞ்சியும் இருப்பதால் மூக்கில் சுள்ளென்று ஏறும். ஆனால் இனிப்பு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. மேலே சீனி போடத் தேவையில்லை. நீரிழிவு உள்ளவர் இதை ‘மூலிகைதானே’ என்று நாளுக்கு நாலைந்து குடிப்பது சரியல்ல. அவருக்குச் சீனியில்லாத மல்லித்தண்ணியோ இஞ்சித் தண்ணீரோதான் பொருத்தம். தேன், கருப்பட்டி, கித்துல் பாணி என்று பெயர் மாற்றினாலும் இரத்தத்தில் ஏறுவது அதே இனிப்புத்தான். பக்கற்றுகளில் அதிமதுரம் சேர்ந்திருப்பது வழக்கம். பிரசர் உள்ளவர்கள் அதைத் தொடர்ந்து குடிக்கக் கூடாது, பிரசரை ஏற்றிவிடும்.

இனி, யாருக்கு இரண்டுமே வேண்டாம்? கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும். மரமஞ்சளில் பெர்பெரின் என்ற சத்து இருக்கிறது. புதுக்குழந்தையின் மஞ்சட்காமாலையை அது மோசமாக்கக்கூடும். அதனால் கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் தவிர்ப்பதே முறை. பக்கற்றுகளில் வருகிற ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யும் குணமுள்ளது. கர்ப்பிணிக்குத் தடிமன் என்றால் மெல்லிய மல்லித்தண்ணி, உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு, ஓய்வு. காய்ச்சலும் இருந்தால் தோட்டத்து டிஸ்பென்சரிக்கோ கிளினிக்குக்கோ போவது.

வாங்கும்போது பொட்டலத்தை மூக்கருகில் பிடித்துப் பாருங்கள். மலைநாட்டு ஈரத்தில் காய்ந்த சரக்கு சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். கொத்தமல்லியில் வெள்ளைப் பூப்போல ஒட்டியிருந்தாலோ, ஊசின சாக்கு வாடை வந்தாலோ வேண்டாம். கொதிக்க வைத்தாலும் பூஞ்சண நஞ்சு முழுதும் அழியாது. வீட்டில் இறுக்கமான போத்தலில் போட்டு, அடுப்புக்கு மேல் பரணில் வைத்தால் மழைக்காலம் தாங்கும். காய்ச்சி வைத்த கஷாயத்தை அன்றே குடித்து முடிக்க வேண்டும். குளிர்தானே, கெடாது என்று மறுநாள் பின்னேரம்வரை வைப்பவர்கள் வயிற்றாலடியையும் சேர்த்து வாங்கிக்கொள்வார்கள்.

கடைசியில் எது? நேரமும் காஸும் வேறொரு ஆளின் கையும் இருந்தால் பஸ்பங்குவ, அதுவும் காய்ச்சல் குணத்தோடு உடம்பு முறிகிற முதல் இரண்டு நாளைக்கு. மற்றபடி சாதாரண மூக்கொழுகலுக்கு மல்லியும் இஞ்சியும் செய்யாத எதையும் அது கூடுதலாகச் செய்வதாகச் சொல்ல முடியாது.

இலைகளைப் பற்றி ஒரு சொல். லயத்து வாசலில் தகரப் பேணியில் வளரும் கற்பூரவள்ளி, மூன்று நாலு இலையை வாட்டிப் பிழிந்தால் ஒரு தேக்கரண்டி சாறு வரும். பெரிய பிள்ளைகளின் இருமலுக்குத் தேனோடு கொடுக்கலாம். நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்தால் செடி கருகிவிடும், பேணியை இரவில் உள்ளே எடுத்து வையுங்கள். மஞ்சள் பாலும் கெடுதல் இல்லாதது. பால் சளியைக் கூட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை, தொண்டையில் தடிப்பாகத் தோன்றுவதோடு சரி. ஆனால் மஞ்சளைத் தூளாக வாங்காதீர்கள். 2020இல் இறக்குமதி நின்று மஞ்சள் விலை எகிறியபோது மாவும் சாயமும் கலந்த தூள் கடைகளில் நிறைந்தது. விரலி மஞ்சள் வாங்கி வீட்டில் இடித்தால் அந்தச் சந்தேகமே இல்லை.

இராத்திரி இருமலும் அடைத்த மூக்கும்

படுத்தவுடன் பிடிக்கும் இருமலுக்குத் தேனுக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டோம். அமெரிக்காவில் 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், படுக்குமுன் ஒருமுறை தேன் குடித்த பிள்ளைகளின் இருமலும் தூக்கமும், ஒன்றும் குடிக்காத பிள்ளைகளைவிட நன்றாக இருந்தன. கடையில் விற்கும் இருமல் மருந்து அந்த அளவு வித்தியாசத்தைக் காட்டவில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரைத் தேக்கரண்டி, மேற்பட்டவருக்கு ஒரு தேக்கரண்டி. அப்படியே நக்கலாம், வெதுவெதுப்பான தண்ணீரிலும் கலக்கலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைப் பக்டீரியா வித்து, குழந்தையின் குடலில் முளைத்து உடம்பைத் தளரச் செய்யும் கொடிய நஞ்சை உண்டாக்கும். பாட்டிமார் சேனை தொட்டு வைக்கும் வழக்கத்தையும் இந்த இடத்தில் மரியாதையோடு நிறுத்திவிட வேண்டும். தெருவோரம் போத்தலில் விற்கும் ‘காட்டுத் தேன்’ பெரும்பாலும் சீனிப்பாகு. தெரிந்த கையிடம் வாங்குங்கள்.

தொண்டை கரகரப்புக்கு மலிவானது உப்புத் தண்ணீர். ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, நாளுக்கு மூன்று நாலு தடவை, ஒவ்வொரு வாயும் அரை நிமிடம் தொண்டையில் நிற்கக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை விழுங்கிவிடும், அதற்குக் கொப்பளிப்பு வேண்டாம். மூக்கை உப்புத் தண்ணீரால் கழுவுகிறவர்கள் ஊற்றுப் பீலித் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்தான்.

ஆவி பிடிப்பது, அதாவது வேது, மூக்கைக் கொஞ்ச நேரம் திறந்துவிடும், அவ்வளவுதான். நோயைக் குறைப்பதாக ஆய்வுகளில் உறுதியாகத் தெரியவில்லை. ஆபத்தோ பெரியது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், கட்டிலில் கொதிநீர்ச் சட்டியை வைத்துப் போர்வை மூடி, பக்கத்தில் பிள்ளைகள் ஓடிவிளையாடினால் அது சட்டி கவிழக் காத்திருக்கும் இடம். செய்வதென்றால் சட்டியை இறக்கி இரண்டு நிமிடம் ஆறவிட்டு, அசையாத மேசையில் வைத்து, முகத்தை ஓரடி தள்ளி, கண்ணை மூடி, ஐந்து முதல் பத்து நிமிடம். தோட்டத்து ஓரங்களில் நிற்கும் யூகலிப்டஸ் மரத்தின் இலை ஒரு கைப்பிடி போதும். எண்ணெய் என்றால் இரண்டு மூன்று சொட்டு. அந்த எண்ணெயை வாயில் விடுவது நஞ்சு, ஒரு தேக்கரண்டியே பிள்ளைக்கு வலிப்பை வரவழைக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆவியும் வாசமும் இழுப்பைத் தூண்டலாம். பிள்ளைகளுக்கு வேது வேண்டவே வேண்டாம். தலைமாட்டை ஒரு தலையணை உயர்த்தி, கொதித்தாறிய உப்புத் தண்ணீர் இரண்டு சொட்டு மூக்கில் விட்டாலே பாதி அடைப்பு இளகும். தைலம், பாம் எதுவானாலும் இரண்டு வயதுக்குக் கீழே கூடாது; எந்த வயதிலும் மூக்குத் துவாரத்துக்குள் தடவக் கூடாது.

கோப்பையைக் கீழே வைக்க வேண்டிய நேரம்

உடம்பு வலியும் சூடும் இருந்தால் கஷாயத்தோடு பரசிட்டமோலும் எடுக்கலாம், ஒன்றுக்கொன்று விரோதமில்லை. பெரியவர்களுக்கு 500 மி.கி. குளிசை இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டுக்கு மேற்படாமல். பிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்தே அளவு. கடையில் ‘தடிமன் குளிசை’ என்று தருவதிலும் பரசிட்டமோல் இருக்கும், இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அளவு இரட்டிக்கும். காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று தெரியாதவரை அஸ்பிரின், இபுபுரூஃபென், டிக்லோஃபெனாக் எதையும் தொடக் கூடாது. டெங்குவாக இருந்தால் இவை இரத்தக்கசிவைக் கூட்டும். டெங்கு கீழ்நாட்டு நோய் என்று நினைக்கிறவர்கள் கண்டியை மறந்துவிடுகிறார்கள். கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளையோடு அது எந்தத் தோட்டத்துக்கும் வரலாம்.

மூக்கொழுகாமல், தும்மாமல், கடும் காய்ச்சல் மட்டும் அடித்தால் அதைத் தடிமன் கணக்கில் போடாதீர்கள். காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாவிட்டால் இரத்தம் சோதிக்க வேண்டும். மூச்சு வாங்குவது, பிள்ளை மூச்செடுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, பால் குடிக்க மறுப்பது, நெஞ்சு வலி, இரத்தம் கலந்த சளி, மூன்று வாரம் தாண்டிய இருமல் — இவற்றுக்குக் கஷாயம் காய்ச்சிக்கொண்டு நிற்கக் கூடாது. மலைப்பாதையில் இரவில் வாகனம் பிடிப்பது பெரும்பாடு. சின்னக் குழந்தைக்கு மூச்சில் வித்தியாசம் தெரிந்தால் விடியட்டும் என்று இராமல், பகலில் தெரிந்த உடனேயே இறங்கிவிடுங்கள். வாகனம் கிடைக்காவிட்டால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை. போகும்போது இதுவரை குடித்த பஸ்பங்குவப் பொட்டலமோ பக்கற் உறையோ எதுவானாலும் கையோடு எடுத்துச்சென்று டொக்டரிடம் காட்டுங்கள்; வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுப்பவராக இருந்தால், நாளுக்கு எவ்வளவு இஞ்சி குடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.